இடுப்பு நோவும் விரலழுத்தமும்

சுளுக்கு, எலும்பு முறிவு என்றால் வர்ம ஆசானைத் தேடிப் போகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் உண்டு. தொடுவர்மம் 96, படுவர்மம் 12 என்று 108 புள்ளிகளைக் கணக்கிடும் மரபு அது. புள்ளியை அழுத்தினால் நோவு போகும் என்ற பேச்சு இங்கே எடுபட அந்த மரபின் மதிப்பும் ஒரு காரணம். ஆனால் பேறுகால நோவுக்குச் சொல்லப்படும் அக்குபிரஷர் என்ற விரலழுத்தம், வர்மம் அல்ல. வர்மம் களரியோடு சேர்ந்து, அடிபட்டவனை எழுப்புவதற்காக வளர்ந்த கலை. அக்குபிரஷரோ சீன மரபு. உள் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே ஒரு புள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இன்னொன்று.

நோவு குறைகிறதா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. அது, அக்குபங்சரையும் அக்குபிரஷரையும் சேர்த்து 28 ஆய்வுகளை, 3,960 பெண்களை எடுத்துக்கொண்டது. அழுத்தம் வலியின் கடுமையைத் தணிக்கக்கூடும் என்றது; சான்றின் உறுதி குறைவு என்றும் சொன்னது. இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மருந்துக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். தொடுதலுக்குப் போலி ஏது? வேறு இடத்தில் அழுத்தினாலும் அதுவும் ஒரு மனிதக் கைதானே. 1965இல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயில் கோட்பாடு', தொடுவுணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்கிறது. இடுப்பைத் தேய்த்துவிடும் அம்மாவின் கைக்கும் அது பொருந்தும்.

என் கணிப்பில் புள்ளியைவிடக் கைதான் முக்கியம். நோவெடுத்தவள் பக்கத்தில் அவள் விரும்பும் துணை ஒருவர் இருக்கட்டும், மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் சொல்கின்றன. செலவில்லாத இந்த உதவியைக்கூடத் தராமல், கத்தாதே என்று அதட்டும் பிரசவ அறைகளின் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்த அதட்டலுக்குப் பயந்துதான் சில பெண்கள் வீட்டுப் பிரசவப் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்கள்.

ஆபத்தும் அங்கேதான். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவித்த இளம்பெண் ஒருவர் உதிரப்போக்கால் இறந்தார். எந்தப் புள்ளியை அழுத்தினாலும் அந்த உதிரம் நின்றிருக்காது; ஆக்சிடோசின் ஊசியும், ஏற்றுவதற்கு ரத்தமும், கைதேர்ந்த மருத்துவரும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நோவைத் தணிக்கும் துணையைப் பிரசவ வைத்தியமாகக் காட்டும் எவரிடமும் கர்ப்பிணியை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. முதலில் சொன்ன கணுக்கால், கைப் புள்ளிகள் இரண்டும் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்று கருதி, கர்ப்ப காலத்தில் அவற்றைத் தொடாதே என்று அந்தச் சீன மரபே விலக்கி வைத்திருக்கிறது. ஏழாம் மாதத்தில் கால் வலிக்கிறது என்று கணுக்காலைப் பிடித்துவிடுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி அது.