கோவூர் போகாத வீடு

ஆபிரகாம் கோவூரின் பேய் விசாரணைகளை மாணவனாக இருந்தபோது ஒரே மூச்சில் வாசித்தேன். விரிவுரையாளனானபின் மாணவர்களுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். இப்போது தொழிற்சாலை இரவுவேலையின் இடைவேளைகளில் மறுபடி வாசிக்கையில் வேறொரு கோவூர் தட்டுப்படுகிறார்.

கேரளத்தில் பிறந்து, யாழ் மத்திய கல்லூரியிலும் பின்னர் தெற்கிலும் படிப்பித்தவர் அவர். அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை அதை யாரும் வெல்லவில்லை. எங்கள் மேடைகளில் கோவூர் என்றால் இந்தச் சவால்தான். என் அபிப்பிராயத்தில் அது அவருடைய பலவீனமான பக்கம். தோற்ற சாமியாரை விட்டுச் சனம் இன்னொரு சாமியாரிடம் போகும், அவ்வளவுதான்.

பலமான பக்கம், கல் விழுகிற வீடுகளுக்கு அவர் போன விதம். வீட்டாரைத் தனித்தனியே இருத்திக் கதைப்பார். தேவைப்பட்டால் மனோவசியம் செய்வார். கடைசியில் அகப்படுவது உயிரோடிருக்கிற ஒரு கை. அநேகமாக, அந்த வீட்டில் வாய்திறக்க முடியாத ஒருவருடைய கை. கல்லை எறிந்தது யார் என்பதோடு நில்லாமல், ஏன் என்றும் கேட்டவர் அவர். நாங்கள் முதற் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பகுத்தறிவாளர்களானோம். ஆனால் கோவூரும் வேலியைத் தாண்டவில்லை. ஆளைக் குணப்படுத்துவார், அவளை வாய்மூட வைத்த வீட்டைத் தொடமாட்டார்.

எறிந்த கையே இல்லாத இடத்தில் இந்த முறை என்ன செய்யும்? மட்டக்களப்பில் அம்மன் உருவேறி வாக்குச் சொல்பவர்களைப் பற்றி மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் 1990களில் ஆய்வு செய்தார். காணாமற்போனவர்களின் தாய்மார் அவர்களிடம் போனார்கள். வெளியே கதைக்கப் பயந்ததைக் கோயிலுக்குள் கேட்டார்கள். உருவேறியவர் பிள்ளைபட்ட வதையைத் தன் உடம்பில் காட்டினார். இதை மோசடி என்று நிறுவுவது கஷ்டமில்லை. நிறுவியபின் அந்தத் தாய் எங்கே போவாள் என்பதற்குக் கோவூரிடம் அத்தியாயம் இல்லை.

நம்புகிறவர்களின் பக்கமும் சுத்தமில்லை. என் அக்காவின் மகனை 2007இல் வீட்டில் வந்து கொண்டுபோனார்கள். உயிரோடு இருக்கிறான், தண்ணீர்க்கரைப் பக்கம் என்று வாக்கு வந்தது. அதனால் அக்கா இன்றுவரை கிரியை செய்யவில்லை. மத்தியானத்தில் அவனுக்கும் ஒரு கோப்பை வைக்கிறா. ஒரு வாக்கு ஒரு மனிசியை இத்தனை வருடம் வாசலில் இருத்திவைத்திருக்கிறது. அதைக் கொடுமை என்று சொல்லத்தான் வேண்டும்.

சொன்னேன், தொலைபேசியில். கோவூரையும் விளக்கினேன், பழைய விரிவுரைக் குரலில். முழுக்கக் கேட்டா.

“அப்ப நீ சொல்லு தம்பி, அவன் எங்க?”

வேலைக்கு நேரமாகிறது என்றேன்.