பாட்டுப் பாதிரியாரும் கொங்கு உடுக்கையும்

ஈரோட்டில் பிரப் ரோட்டை மீனாட்சிசுந்தரனார் சாலை என்று மாற்றி வெகுகாலம் ஆகிறது. ஊர்க்காரர் வாயில் அது இன்னும் பிரப் ரோடுதான். லண்டன் மிஷன் சங்கத்து ஆஸ்திரேலிய மிஷனரியான அந்தப் பிரப்பின் பெயரில் நகரின் நடுவே ஓர் ஆலயமும் நிற்கிறது. அதே ஈரோட்டில், அதே லண்டன் மிஷன் சங்கத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஆர்தர் பாப்லிக்கு அப்படி ஒரு சாலையும் இல்லை, ஆலயமும் இல்லை. கர்நாடக இசை பற்றி ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அவர் 1921இல் எழுதிய ‘இந்திய இசை’ என்ற நூல் தெரிந்திருக்கும். திருக்குறள் மொழிபெயர்ப்புகளைத் தேடிப் போகிறவர்கள் 1931இல் அவர் வெளியிட்ட ஆங்கிலத் தேர்வைப் பார்த்திருப்பார்கள். ஆனால் கொங்கு நாட்டுத் திருச்சபைக்குள் அவர் செய்த வேலை, அதாவது பாட்டாலேயே பிரசங்கம் செய்வது, அதற்கு ஆட்களைப் பழக்குவது, அதற்கு ஒரு முறை வகுப்பது, இது இசை வரலாற்றிலும் சரியாக இடம்பெறவில்லை, சபை வரலாற்றிலும் இடம்பெறவில்லை. அந்த வேலையைத்தான் இங்கே எடை போட்டுப் பார்க்க விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்லி கேட்ட கேள்வி சரியானது. அதற்கான விடையை அவர் தம் காலடியில் தேடாமல் தஞ்சாவூரில் தேடினார்.

அவர் வந்த சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் லண்டன் மிஷன் காலூன்றியது 1830இல், ஆடிஸ் என்ற மிஷனரி வழியாக. அதற்குப் பிந்தைய எழுபது, எண்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்துச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று பாமாலை: ஜெர்மானிய, ஆங்கில ஞானப்பாட்டுகளின் மெட்டு அப்படியே இருக்க, தமிழ்ச் சொற்களை அதற்குள் மடக்கி வைத்தவை. மற்றொன்று கீர்த்தனை. இதற்கு மூலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு படித்தவர், அந்த அரசவையிலேயே புலவராக இருந்தவர். அவருடைய பாட்டுகளை முக்கியமாக வைத்து அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் ஒரு தொகுப்பை அச்சிட்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம், தலைப்பில் ராகமும் தாளமும் என்று இன்று நாம் கையில் வைத்திருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் வம்சாவளி அங்கிருந்து வருகிறது.

பாமாலையில் ஒரு தொல்லை உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் அர்த்தத்தையே மாற்றும். ஐரோப்பிய மெட்டோ தன் விருப்பப்படி ஓர் அசையை நீட்டும், ஒன்றை விழுங்கும். பழகிய காதுக்கு அது உறுத்தாது. புதிதாக வருகிறவருக்கு யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றே விளங்காது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரித்துக் கொயர் பாடும்போது அழகு கூடுகிறது, சொல் இன்னும் மங்குகிறது. சந்தையில் நிற்கிற கூட்டத்துக்கு இதைப் பாடிக் காட்டி ஒருவரையும் நிறுத்திவைக்க முடியாது. எழுத்தறிவு நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடாத காலம் அது. துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் படிக்க ஆள் இல்லை.

பாப்லி பிடித்தது கதாகாலட்சேபத்தை. மராத்தியக் கீர்த்தன முறையும் தமிழ்நாட்டுக் கதை சொல்லும் வழக்கமும் தஞ்சையில் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் கிருஷ்ண பாகவதர் கையில் முழு உருவம் பெற்ற கலை. ஒருவர் நின்று கதை சொல்வார், இடையிடையே பாடுவார். பின்பாட்டு, மிருதங்கம், சிப்ளாக்கட்டை கூட வரும். கதை சோர்கிற இடத்தில் பாட்டு தூக்கிவிடும். பாட்டு நீளுகிற இடத்தில் ஒரு சின்ன நகைச்சுவை கூட்டத்தைத் திரும்ப உட்காரவைக்கும். ராமர் கதைக்குப் பதில் கெட்ட குமாரன் கதையை வைத்தால் ஆயிற்று என்று தோன்றலாம். அவ்வளவு எளிதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் எல். ஐ. ஸ்டீபனோடு சேர்ந்து 1914இல் இசைவழி நற்செய்திப் பணிக்கு ஒரு கையேடே எழுதி, சென்னை மெதடிஸ்ட் அச்சகத்தில் வெளியிட்டார்.

இந்தக் கையேட்டை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. மிஷனரிகள் உள்ளூர் இசையைப் பற்றிப் புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதியவை நிறைய. இசையைக் கற்றுக்கொண்டு, கற்றதை மற்றவருக்குச் சொல்லித்தரும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மிகக் குறைவு. பாப்லி அந்த உழைப்பைச் செய்தார். ஏழு ஆண்டுகள் கழித்து வந்த ‘இந்திய இசை’யில் ராகம், தாளம், உருப்படி, வாத்தியம் என்று ஒவ்வொன்றையும் நிதானமாக விளக்கும் கை, ஏற்கெனவே தெருவில் பாடிப் பழகிய கை. அறையில் உட்கார்ந்து சமஸ்கிருத லட்சண நூல்களை மட்டும் புரட்டியவர்களின் எழுத்துக்கும் அவருடைய எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்ட காலமும் இதுவே. பண்டிதரும் கிறிஸ்தவர்தான். ஆனால் அவர் நோக்கம் வேறு: தமிழ் இசையின் சுருதிக் கணக்கை நிலைநாட்டுவது. பாப்லியின் நோக்கம் ஒரு சாதாரண ஊர் உபதேசியார் நாளை மாலையே பாடுவதற்கு வழி செய்வது. முன்னதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். பின்னது சிறிய வேலையாகத் தெரிவதால் மறந்துவிட்டோம்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

பாப்லி ஈரோட்டில் இருந்தார். அவரைச் சுற்றி என்ன இசை இருந்தது? அண்ணன்மார் கதை இருந்தது. பொன்னர், சங்கர், தங்காள் கதையை உடுக்கை அடித்துக்கொண்டு பல இரவுகள் பாடும் பாடகர்கள் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தபோதும் அந்த மரபு நன்றாக உயிரோடு இருந்தது. அதன் அமைப்பைக் கவனியுங்கள்: தலைப்பாடகர் ஒருவர், உடன் பாடுபவர் ஒருவர், வசனமும் பாட்டும் மாறி மாறி, கேட்பவர் ‘ஆமா’ போட ஓட்டம் எடுக்கும் கதை. காலட்சேபத்தில் பாப்லி தேடிய அத்தனையும் இதில் இருக்கிறது. அவர் பேச வேண்டிய குடியானவருக்கும் கூலிக்காரருக்கும் காலட்சேபத்தைவிட இது நூறு மடங்கு நெருக்கம். இது போக கும்மி, ஒயிலாட்டம், கவலை இறைக்கும்போது பாடும் பாட்டு, ஒப்பாரி. ஆனால் கையேட்டிலிருந்து 1921 நூல்வரை பாப்லியின் கண் பெரும்பாலும் சாஸ்திரிய இசை மேலேயே நிற்கிறது. ஒரு வெள்ளைக்காரர் இங்கிலாந்து மெட்டை விட்டு இறங்கிவந்தார் என்று மெச்சுகிறோம். இறங்கி வந்தவர் நின்ற படி, கொங்குக் கிராமத்துக்கு இன்னும் உயரமான படிதான்.

இதில் வேடிக்கை, சாஸ்திரியாரிடம் இந்தக் குறை இல்லை. அரசவைப் புலவரான அவர் குறவஞ்சியை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ செய்தார், ஏற்றப்பாட்டை எடுத்து ‘ஞான ஏற்றப்பாட்டு’ செய்தார். நூறு ஆண்டுக்குப் பின் வந்த பாப்லி காலத்தில் ‘இந்திய இசை’ என்றாலே கச்சேரி இசை என்று நடுத்தர வர்க்கம் முடிவு செய்துவிட்டிருந்தது. சென்னை சபாக்கள் வளர்ந்த காலம் அது. மிஷனரி உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்கப் போகிறார் என்றால் எந்தப் பண்பாட்டை மதிப்பது என்பதையும் படித்தவர்களிடம் கேட்டுத்தானே தெரிந்துகொள்வார்! படித்தவர்கள் ஆனந்தபைரவியைக் காட்டினார்கள், உடுக்கையைக் காட்டவில்லை.

ஆனால் பழியை முழுதும் அவர் தலையில் கட்டிவிட முடியாது. இந்த இடத்தில் நம் விமர்சகர்கள் பலர் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். கோவை, ஈரோடு வட்டாரச் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியார். அவர்களில் பலருக்குத் தப்பட்டை என்பது கலை இல்லை. சாவு வீட்டில் போய் அடித்தாக வேண்டிய கட்டாய ஊழியம். அதிலிருந்து வெளியே வருவதற்காகவே வேதத்தில் சேர்ந்தவர்களிடம், ஆலயத்துக்குள் தப்பட்டையைக் கொண்டுவா என்று யார் சொல்லியிருக்க முடியும்? உடுக்கைக்கு வேறு சிக்கல். அது ஒலித்தால் சாமி வரும். பழைய சாமியை விட்டு வந்தவருக்கு அந்த ஒலி வெறும் தாளமாகக் கேட்காது. கீர்த்தனை அவர்களுக்கு ஒரு மரியாதையைத் தந்தது. அக்கிரகாரத்து வாசலில் நின்று கேட்கக்கூட முடியாதவர்கள் தங்கள் ஆலயத்தில் சங்கராபரணத்திலும் செஞ்சுருட்டியிலும் பாடினார்கள். அதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தப்பட்டையை ஆலயத்துக்குள் கொண்டுவருவது பற்றிய அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க இன்னும் எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்று மாணவர்கள் கொண்டாடியவர், கிராமிய இசையிலேயே முழு வழிபாட்டு முறையை அமைத்தார். கர்நாடக இசை கற்றவரின் சொத்து, நாட்டுப்புற இசை பாடுகிற எவரும் மாற்றிப் பாடலாம், ஆகவே விடுதலையைப் பாட அதுவே ஏற்றது என்பது அவர் வாதம். தப்பட்டையின் இழிவை நீக்க அதை ஒதுக்கக்கூடாது, நடுவில் வைக்க வேண்டும் என்ற நிலைக்குத் தலித் இயக்கமும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனத்தில், மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய இடம் தரச் சொல்லிவிட்டது. பாப்லி இவை எதற்கும் முந்தியவர்.

அவருடைய முறையில் எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. காலட்சேபம் ஒருவரைச் சார்ந்த கலை. நடுவில் நிற்பவருக்குக் குரலும் ஞானமும் நகைச்சுவையும் நினைவாற்றலும் ஒருசேர வேண்டும். அப்படிப்பட்டவர் ஊருக்கு ஒருவர் கிடைப்பது அரிது. கையேடு முறையைச் சொல்லும், ஆளைச் செய்யாது. பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனாலோ இறந்துபோனாலோ அந்த ஊரில் கலை முடிந்தது. கேட்கிற சபையும் கேட்கிற சபையாகவே இருந்துவிடும். பாமாலையைக் குறை சொல்கிறோம், ஆனால் சுமாராகப் பாடுகிற நூறு பேர் சேர்ந்து பாடினால் அது நின்றுவிடும். பாப்லி இந்த வித்தியாசத்துக்குப் போதிய விடை வைத்திருந்ததாகத் தெரியவில்லை. கொங்கு நாட்டில் கிறிஸ்தவக் காலட்சேபம் இன்று கன்வென்ஷன்களில் எப்போதாவது வரும் அபூர்வம்; பாமாலையோ ஞாயிறுதோறும் ஒலிக்கிறது.

ஆலயத்துக்குள் போன கீர்த்தனைக்கு நேர்ந்தது இன்னொரு கதை. புத்தகத்தில் ராகப் பெயர் இருக்கிறது. ஆர்கனிலும் ஹார்மோனியத்திலும் கமகம் இல்லை, பன்னிரண்டு கட்டைகள் இருக்கின்றன. ஆலயப் பாட்டு ஆர்கனைப் பின்பற்றத் தொடங்கியதும் அசைவுகள் உதிர்ந்து, நேர்க்கோடான ஒரு மெட்டு மட்டும் மிஞ்சியது. தன்யாசி என்று அச்சிட்டிருக்கும், பாடுவது தன்யாசியாக இருக்காது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்துக்கே தடை போட்டது. அது மிகையான நடவடிக்கை, பின்னால் தளர்த்தினார்கள். ஆனால் அதன் பின்னால் இருந்த கவலை பொய்யில்லை. பாப்லி தம் முறைக்கு ஆதாரமாக வைத்த ராக நுட்பம், அந்த முறை பரவிய வேகத்திலேயே கரைந்தது. இதில் ஒரு லாபமும் உண்டு. ராகம் கரைந்த இடத்தில் ஊர் நுழைந்தது. ஒரே கீர்த்தனையைக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமச் சபை ஒரு மாதிரியும் கோவை நகரச் சபை வேறு மாதிரியும் பாடுவதைக் கேட்கலாம். கும்மியின் நடை ஒன்றில் ஏறியிருக்கும், தாலாட்டின் இழைவு ஒன்றில். கையேடு திட்டமிடாத இந்தக் கலப்பைத்தான் கொங்குக் கிறிஸ்தவ இசை என்று நான் சொல்வேன். அதைச் செய்தவர்களுக்குப் பெயர் கிடையாது.

பாப்லி பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ. பணிக்குப் போனார். அந்த இயக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரும் சேலத்துக்காரருமான கே. டி. பாலின் வாழ்க்கை வரலாற்றை 1938இல் எழுதினார். 1957இல்கூட, கிறிஸ்தவ வழிபாட்டில் இந்திய இசையின் பயன் பற்றி ஓர் இறையியல் இதழில் கட்டுரை எழுதுகிறார். கையேட்டுக்கும் இந்தக் கட்டுரைக்கும் நடுவே நாற்பத்து மூன்று ஆண்டுகள். இதற்குள் நாடு விடுதலை அடைந்தது, தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது, லண்டன் மிஷன் சபைகளெல்லாம் அதற்குள் வந்தன. அத்தனைக்குப் பிறகும் இந்திய இசையின் தேவையை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவருடைய வாழ்நாள் வாதம் திருச்சபையின் தலைமையில் எவ்வளவு மெதுவாக இறங்கியது என்று ஊகிக்கலாம். இதற்கு அவரும் ஓரளவு காரணம். தம் முக்கியமான நூல்களை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் உபதேசியாருக்காக உழைத்தவரின் சிந்தனையைத் தமிழ் உபதேசியார் படிக்க முடியவில்லை. இது அவர் முறையின் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய பிழை.

கோவைத் திருமண்டலத்துச் சபைகளில் கொயர் மாஸ்டர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையில் எழுபது வயது தாண்டிய பெண்கள் சிலர் கீர்த்தனைகளைப் புத்தகம் இல்லாமல், கீபோர்டு இல்லாமல் பாடுவார்கள். அவர்கள் பாடுவது தப்பு மெட்டு என்று திருத்தாதீர்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். பாட்டின் பெயர், பாடியவர் பிறந்த ஊர், யாரிடம் கற்றார் என்ற மூன்றையும் கூடவே குறித்து வையுங்கள். 1914 கையேட்டை யாராவது தமிழில் பதிப்பிக்கும்போது அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய நூல் அதுதான்.