தடத்தை அளத்தலும் ஈடு செய்தலும்

நம் வாழ்க்கை இப்புவியின்மீது எவ்வளவு பாரத்தைச் சுமத்துகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் இன்று பள்ளிகளிலும் பங்குகளிலும் பரவி வருகிறது. இவ்வெண்ணத்தைப் பலரறியச் செய்தது மாத்திஸ் வாக்கர்நாகல், வில்லியம் ரீஸ் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட, ‘நமது சூழலியல் தடம்’ என்று பொருள்படும் ஆங்கில நூலாகும். அந்நூலின் கருத்தைக் கொடைக்கானல் மலையில் வைத்து உரைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

அக்கருத்தின் வலிமை அதன் எளிமையே. நாம் உண்பதை விளைவிக்கவும், நாம் வெளிவிடும் கரியமில வாயுவை ஏற்றுக்கொள்ளவும் எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் வேண்டும் என்று அது கேட்கிறது. உலக மக்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 1.5 ஹெக்டேரே கிடைக்கும். அமெரிக்கர் ஒருவர் சராசரியாக 7 ஹெக்டேர் அளவுக்குச் செலவிடுகிறார். இந்தியரோ 1 ஹெக்டேரை ஒட்டி நிற்கிறார். இதைக் கண்டு நாம் மகிழ்வதற்கில்லை. சொந்தக் காரில் மலையேறும் செல்வரையும், அம்மலையிலேயே வாழும் பளியரையும் இந்தச் சராசரி ஒன்றாக்கிவிடுகிறது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இயற்கை மீண்டும் விளைவிக்கக்கூடியதையும், தன்னுள் ஏற்றுச் சரிசெய்யக்கூடியதையும் மட்டுமே இக்கணக்கு அளக்கிறது. எத்தனை ஹெக்டேர் நிலம் இருந்தாலும் பாதரசத்தைச் செரிக்க இயலாது. ஆகவே பாதரசம் கணக்கிலேயே வருவதில்லை.

கொடைக்கானல் இதை நன்கறியும். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் இங்கே இயங்கத் தொடங்கிப் பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இங்குச் செய்யப்பட்ட கருவிகள் வெளிநாட்டு இல்லங்களுக்குச் சென்றன. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழைய பொருள் கடையொன்றில் குவிந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தபின் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பணியால் உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர் முறையிட்டனர், நிறுவனம் மறுத்தது. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட்டது. அயல்நாட்டில் காய்ச்சல் பார்த்த அன்னையின் தடக்கணக்கில் இவர்களுள் ஒருவரேனும் இடம்பெற்றிருப்பாரா?

பழைய ஞானோபதேசம் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்களை நமக்குக் கற்பித்தது. ஆத்தும சோதனை அவற்றுள் முதலாவது. அபராதம் தீர்த்தல் இறுதியானது. தடத்தை அளப்பது சிறந்த ஆத்தும சோதனையே. ஆனால் அங்கேயே நின்றுவிடுவது நம் பழக்கமாகிவிட்டது. 2000களின் நடுவில் கரியமிலத் தடத்தைக் கணக்கிடுமாறு மக்களை விளம்பரங்கள் வழியே தூண்டியது பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம் என்பதையும் நினைவில் கொள்வோம். பிறரை ஆத்தும சோதனைக்கு அழைப்பவர் தம் அபராதத்தை மறந்துவிடலாகாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல் இவ்விடத்தில் நூலினும் ஆழமாகச் செல்கிறது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுதல், வேண்டாத விளக்கை அணைத்தல் போன்ற சிறு செயல்களை 211ஆம் பத்தியில் அது போற்றுகிறது. ஆயினும் தனிமனிதர் திருந்துவது மட்டும் போதாது, சமூகமாகவே மனம் மாற வேண்டும் என்று 219ஆம் பத்தியில் வலியுறுத்துகிறது.

அத்தகைய சமூக அளவுகோல் ஒன்று இம்மலைக்கு வாய்த்துள்ளது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இங்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. தடக்கணக்கு ‘நான் எவ்வளவு செலவிடுகிறேன்’ என்று கேட்கிறது. இவ்வரம்போ ‘மலை எவ்வளவு தாங்கும்’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வியே நமக்குக் கடினமானது.

1866இல் எழுந்த சலேத் அன்னை ஆலயத்துக்கு நாமும் ஆகஸ்டு விழாவில் மலையேறுகிறோம். குடும்பத்துக்கொரு கார் என்றில்லாமல் பங்காகச் சேர்ந்து ஒரே பேருந்தில் செல்வோம். வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துச் செல்வோம். நம் குப்பையை நாமே கீழே கொண்டுவருவோம். இவை ஆத்தும சோதனையின் கனிகள். அத்துடன், நஞ்சு படிந்த மண்ணுக்கும் நலிந்த தொழிலாளருக்கும் உரியவர்கள் ஈடு செய்தனரா என்று கேட்பதும் நம் கடமையாகும். சலேத்தில் கண்ணீர் வடித்தவளாகவே அன்னையை நாம் வணங்குகிறோம். அக்கண்ணீரை எந்த ஹெக்டேரில் அளப்போம்?