மாயாவியின் கையை வரைந்த கை

பழைய புத்தகக் கடையில் காமிக்ஸ் தேடி வருகிறவரை எளிதில் கண்டுகொள்ளலாம். சட்டைப்பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருக்கும். அதில் கதைகளின் பெயர்கூட இருக்காது, எண்கள்தான் இருக்கும். முத்து காமிக்ஸில் இன்னின்ன இதழ் பாக்கி, லயனில் இன்னின்ன இதழ் பாக்கி. புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், நடுவே பின் அடித்த இடத்தை விரித்துப் பக்கம் ஏதும் போயிருக்கிறதா என்று எண்ணுவார். விலை படிந்தால் தாளில் ஓர் எண்ணை அடிப்பார். அப்படியொரு தாளோடு நானும் பல வருடங்கள் அலைந்திருக்கிறேன். அந்த ஆர்வம் தமிழுக்கு என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்று யோசிக்கும்போது என்னையும் சேர்த்தே யோசிக்கிறேன்.

செய்தது பெரிது. 1972இல் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார், அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. அன்றைக்குப் பெட்டிக்கடைக் கயிற்றில் வாரப் பத்திரிகைகளோடு காமிக்ஸும் தொங்கும். பிறகு தொலைக்காட்சி வந்தது, கயிறுகள் காலியாயின, பல இதழ்கள் நின்றுபோயின. சிவகாசி இதழ்கள் இடையிடையே மூச்சுத் திணறினாலும் நிற்காமல் வருவதற்குக் காரணம், முன்கூட்டியே சந்தா கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாசகர்கள். 2010இல் ‘இரத்தப் படலம்’ பதினெட்டுப் பாகங்களும் ஒரே கருப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்தன. 2015இல் கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ பெரிய அளவில் வண்ணத்தில் வந்தது. படக்கதை என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கும் ஊரில், இவ்வளவு கனமான புத்தகங்களை முன்பதிவை நம்பி அச்சுக்கு அனுப்ப முடிந்திருக்கிறது. இது சாதாரணக் காரியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சாணித்தாள் இதழ்களைத் தேடிப் பாதுகாக்க வேண்டும் என்று நம் நூலகங்களுக்குத் தோன்றவில்லை. இன்று அவை எங்கேனும் முழு வரிசையாக இருக்கின்றன என்றால், யாரோ ஒரு ரசிகர் வீட்டுப் பரண்மேல்தான். எந்த இதழில் எந்தக் கதை, மூலம் எந்த நாட்டு எந்தப் பத்திரிகை என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தவர்களும் அவர்களே. பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர் என்ற செய்தி ஒரு ரசிகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் நாம் எதைப் பார்த்தோம்?

என்னிடம் அட்டை போன மாயாவி இதழ் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கட்டம்: இருட்டறை, மேசைமேல் ஒரு விளக்கு, ஆள் யாருமில்லை. கதவுப் பிடியை ஓர் இரும்புக் கை மட்டும் திருகிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும், கை மட்டும் மறையாது என்பது சின்னப் பையனுக்கும் தெரிந்த விதி. அந்த விதி ஓவியனுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று எனக்கு உறைக்க முப்பது வருடம் ஆயிற்று. மணிக்கட்டுக்குப் பின்னால் வெறும் வெளி. அந்த வெளியில் ஒருவன் நிற்கிறான் என்று நாம் நம்ப வேண்டும். கை எந்த உயரத்தில் இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது, விரல்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதைக் கொண்டே அவன் குனிந்திருக்கிறானா, ஓடி வந்து நிற்கிறானா, பயந்திருக்கிறானா என்று தெரிந்துவிடுகிறது. முகமே இல்லாத இடத்தில் முகபாவம் தெரிகிறது. அதைச் செய்தவர் ஸ்பெயினின் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் இந்தத் தொடரை வரையத் தொடங்கியவர். சகோதரர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு வேலை செய்தவர்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர் பெயரைப் போடுவதில்லை. தமிழுக்கு வந்தபோதும் பெயர் வரவில்லை. பெயர் மட்டுமா? பெரிய பக்கத்துக்காக வரைந்த கட்டங்களைக் கையடக்கப் பக்கத்தில் அடுக்க, ஓரங்களை வெட்டினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிகிற பேச்சு தமிழில் இரண்டு வரி ஆகும், பலூன் பெரிதாகும், பெரிதான பலூன் படத்தின் மேல் ஏறி உட்காரும். குறைந்த விலைக்குப் புத்தகம் தர வேறு வழி இருந்திருக்காது என்பதை ஏற்கிறேன். ஆனால் வெட்டுப்பட்டது நம் கண்ணில் படவே இல்லையே, அதுதான் எனக்கு வருத்தம். ‘கதை சூப்பர்’ என்றோம். அடுத்த நம்பருக்குப் போனோம்.

ரசிகர்கள் டெக்ஸ் வில்லரை ‘தல’ என்கிறார்கள், கேப்டன் டைகரைத் ‘தளபதி’ என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் என்ற குதிரைவீரன் திருப்பூரிலும் திருநெல்வேலியிலும் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் சினிமாவிலிருந்து எடுத்துவந்த பட்டத்தோடு சினிமாப் பார்வையும் கூடவே வந்துவிட்டது. நாயகன் முகம் தெரிந்தால் போதும், கேமரா பிடித்தவர் யாரானால் என்ன என்கிற பார்வை. டெக்ஸை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். ‘இந்த இதழில் டெக்ஸ் முகம் சரியில்லையே’ என்று ரசிகர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஓவிய விமர்சனத்தின் வாசற்படி அது. சரியில்லை என்றால் எது சரியில்லை, கோடா, நிழலா, குதிரையின் கால் விழும் விதமா என்று ஒரு படி உள்ளே போனால் எவ்வளவோ பேசலாம். நாம் படியிலேயே திரும்பிவிடுகிறோம். ‘மின்னும் மரணம்’ புத்தகத்தில் ஜான் ஜிரோ வரைந்த பாலைவனக் காட்சிகளைப் பாருங்கள். பாறை விளிம்பில் எறும்புபோல இரண்டு குதிரைகள், மிச்சப் பக்கம் முழுக்க வெயில். அங்கே டைகர் சின்னப் புள்ளிதான். வெயில்தான் கதாநாயகன். மோபியஸ் என்ற பெயரில் வேறொரு உலகத்தையே வரைந்து காட்டிய மனிதரின் கை அது.

சேகரிப்பில் இருக்கும் இன்னொரு கோளாறையும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு சேகரிப்பாளர் தன் அலமாரியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு இதழும் பாலித்தீன் உறைக்குள், மூலை மடங்காமல், கற்பூரம் போட்டு வைத்தமாதிரி இருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாமா என்றேன். வேண்டாம் என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. தாள் தொட்டாலே உதிரும். ஆனாலும் படத்தைப் பார்க்க முடியாத படக்கதை எதற்கு? மறுபதிப்பு விஷயத்திலும் இதே மனம்தான் வேலை செய்கிறது. பத்து வயதில் படித்ததையே திரும்பக் கேட்கிறோம், இன்னும் தடிமனாக, இன்னும் நல்ல தாளில். அச்சிடும் பிரதிகள் குறைவு, அதனால் விலை கூடுகிறது, விலை கூடுவதால் இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டுவதில்லை. அன்று நம் கைக்காசுக்கு எட்டிய ஒன்றை நாமே எட்டாத உயரத்தில் தூக்கி வைத்துவிட்டோம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, நம்மூர் ஓவியர்களுக்கு இந்த ஆர்வத்தில் இடமில்லாமல் போனது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீடுவீடாகப் போயின. அதே சிவகாசியில்தான் மாயாவியும் அச்சானார். கை இருந்தது, அச்சகம் இருந்தது, வாசகரும் இருந்தார்கள். தேவனின் துப்பறியும் சாம்புவைக் கோபுலு படக்கதையாக வரைந்தார். தினத்தந்தியில் கன்னித்தீவு அறுபது ஆண்டுகளைத் தாண்டி நாள் தவறாமல் வருகிறது. ரசிகர் பட்டியல்களில் இவை ஓரத்தில்கூட வருவதில்லை.

பதிப்பாளர் மேல் பழி போட எனக்கு மனமில்லை. வெளிநாட்டில் முடிந்துபோன ஆல்பத்துக்கு உரிமைத்தொகை கட்டினால் படம் தயாராக வந்துவிடும். புதிதாக வரையவைப்பதென்றால் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஓர் ஓவியர் பல மாதம் உட்கார வேண்டும், அத்தனை மாதமும் அவருக்குச் சோறு போட வேண்டும். இந்தச் சுமையைத் தாங்கக்கூடிய பணம் தமிழில் ஒரே இடத்தில் இருக்கிறது, நம் முன்பதிவில். எண்ணூறு பக்க மறுபதிப்புக்கு யோசிக்காமல் முன்பணம் அனுப்பிய நாம், தமிழ் ஓவியர் ஒருவரின் நாற்பத்தெட்டுப் பக்கத்தை இதுவரை கேட்கவில்லை.

என் பழைய தாளை இப்போது வேறு மாதிரி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எண்களுக்கு எதிரே பென்சிலால் பெயர் எழுதுகிறேன். மாயாவிக்கு பிளாஸ்கோ, ஸ்பைடருக்கு ரெக் பன், டெக்ஸுக்கு முதலில் உருவம் கொடுத்த கலெப்பினி, டைகருக்கு ஜிரோ, இரத்தப் படலத்துக்கு வில்லியம் வான்ஸ். எண் எதுவும் போடாமல் கோபுலு பெயரையும் எழுதினேன். அதற்குக் கீழே தாள் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது.