வழிகாட்டி நாய் யாருக்கு?

பார்வையற்றவரை நாய் வங்கிக்கு அழைத்துப் போவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அழைத்துப் போகிறவர் அவர்தான். எத்தனை தெரு தாண்டி எந்தப் பக்கம் திரும்புவது என்ற கணக்கு அவர் மனத்தில் இருக்க வேண்டும். வண்டிகளின் ஓசையைக் கேட்டு, இப்போது கடக்கலாம் என்று முடிவெடுப்பதும் அவரே. சிக்னலின் நிறம் பார்த்து நாய் நடப்பதில்லை. நேராக நடப்பது, தடையைச் சுற்றிப் போவது, நடைபாதை விளிம்பில் நிற்பது ஆகியவை நாயின் பங்கு. கார் குறுக்கே வந்தால், 'போ' என்று சொன்னாலும் அது நகராது. பயிற்சியில் ஆகக் கடினமான பாடம் அந்த மறுப்புதான்.

ஆகவே வெள்ளைக்கோலோடு தனியாக நடமாடத் தெரிந்தவருக்கே அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் நாய் தருகின்றன. வெளியே போகவே அஞ்சுகிறவருக்கு அல்லவா முதலில் தர வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த நிபந்தனை சரியானது. பார்வையற்ற அமெரிக்க இளைஞர் மாரிஸ் ஃபிராங்கின் கதையே அதற்குச் சான்று. 1928இல் சுவிட்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி நடத்திய டோரதி யூஸ்டிஸிடம் பயிற்சி பெற்று, பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு திரும்பி, பத்திரிகைக்காரர்கள் பார்க்க நியூயார்க்கின் நெரிசலான சாலையைக் கடந்தார். மறு ஆண்டே 'தி சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. நாய் சுதந்திரம் தந்தது என்றே இக்கதையைச் சொல்கிறார்கள். ஆனால் நாய் வருமுன்பே அவர், கூலிக்கு அமர்த்திய துணையோடு காப்பீட்டு பாலிசி விற்கப் போய்வந்தவர். அவருக்குப் போக இடங்கள் இருந்தன, நம்பகமான துணைதான் வாய்க்கவில்லை.

கோலுக்கும் நாய்க்கும் உள்ள வேறுபாடு வேகம் மட்டுமல்ல. கோல் தடையைத் தொட்டுச் சொல்கிறது: இங்கே கம்பம், இங்கே குப்பைத்தொட்டி, இங்கே கடைவாசல். நாயோ எதையும் தொடவிடாமல் விலக்கிக்கொண்டு போகிறது. தலைமட்டத்தில் தொங்கும் கிளையிலிருந்தும் காக்கிறது. கோலுக்கு அது சிக்காது. நடை சீராகிறது, உடல் இறுக்கம் குறைகிறது. ஆனால் தெருவை அடையாளம் காட்டிய கம்பமும் தொட்டியும் காணாமல் போகின்றன. தொட்டுத் தொட்டே ஊரை அறிந்தவருக்கு இது இழப்பு. கோலே போதும் என்று திரும்பி வருகிறவரைத் தோற்றவராகப் பார்ப்பது அறியாமை.

நாய் வைத்திருப்பதில் பணச்செலவைவிட அன்றாடக் கடமைதான் பாரம். கோலை மூலையில் சாத்திவிட்டுத் தூங்கலாம். நாயைப் பனி கொட்டும் காலையிலும் வெளியே கூட்டிப்போக வேண்டும். வேலை தராமல் வீட்டில் வைத்தால் கற்றது மங்கும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் அதற்கு ஓய்வு. பிறகு பிரிவுத் துயரோடு அடுத்த நாயிடம் முதலிலிருந்து பழக வேண்டும். இளமையில் நாய் ஏற்பவர் இதைப் பலமுறை கடப்பார். விளம்பரப் படங்கள் முதல் நாயை மட்டுமே காட்டுகின்றன.

மற்ற உதவி நாய்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். இரத்தச் சர்க்கரை இறங்குவதை மோப்பத்தால் உணர்த்தும் நாய்கள் குறித்த ஆய்வு முடிவுகள் ஒருமித்தவை அல்ல. தோலில் ஒட்டும் சென்சார் வந்துவிட்ட பிறகு நாயை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். இன்னொரு தயக்கம் சட்டத்தைப் பற்றியது. அமெரிக்கச் சட்டம் உதவி நாய்க்குச் சான்றிதழ் கேட்பதில்லை. இயலாமையின் பொருட்டுத் தேவையான நாயா, என்ன வேலைக்குப் பழகியது என்ற இரண்டு கேள்விகளோடு கடைக்காரர் நின்றுவிட வேண்டும். ஏழைக்கும் எட்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் உதவி நாய் போல மேலங்கி மாட்டிய செல்லப்பிராணிகளுக்கும் அதுவே கதவு திறந்தது. ஒழுங்கற்ற நாயைப் பார்த்துக் கசந்த கடைக்காரர், அடுத்து வரும் உண்மையான வழிகாட்டி நாயைத்தான் முறைக்கிறார்.

ஆகவே வழிகாட்டி நாய்க்கு விண்ணப்பிப்பவரிடம் 'நாய் பிடிக்குமா?' என்று கேட்பதைவிட, 'போன வாரம் தனியாக எங்கெல்லாம் போனீர்கள்?' என்று கேட்பது பயன் தரும். பள்ளிகளில் 'ஜூனோ நடை' என்றொரு சோதனை உண்டு. பயிற்றுநரே நாயின் இடத்தில், நாய்க்கு மாட்டும் ஹார்னஸைப் பிடித்து முன்னே நடப்பார். கைப்பிடியைப் பற்றி விண்ணப்பதாரர் பின்தொடர வேண்டும். அவருடைய வேகமும், எவ்வளவு இழுவையைத் தாங்குகிறார் என்பதும், திருப்பத்தில் கால் தடுமாறுகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். எந்த நாய் பொருந்தும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.