ஒரு தகடு, பல வண்ணங்கள்

அச்சு ஓவியர் கிருஷ்ணா ரெட்டியைக் குறித்து எழுதுவோர், அவர் உருவாக்கிய வண்ண அச்சு முறையைப் புகழ்ந்த அளவிலே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அப்புகழ் பொய்யன்று. ஆயினும் ஒரு கலைஞரை அவருடைய கருவிக்குள் அடக்கிவிடுவது அவருக்கு நீதி செய்வதாகாது. அம்முறை அவருடைய பார்வையை எவ்வாறு வளர்த்தது, எங்கே அதற்குத் தடையாயிற்று என்று கேட்பதே பயனுள்ளது என நாம் கருதுகிறோம்.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த ரெட்டி, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் சில காலம் ஓவியம் கற்பித்தார். பின்னர் இலண்டனில் ஹென்றி மூரிடமும், பாரிசில் ஸாட்கினிடமும், மிலானில் மரினோ மரினியிடமும் பயிற்சி பெற்றார். இம்மூவரும் சிற்பத்தால் பெயர் பெற்றவர்கள் என்பதை வாசகர் மறத்தலாகாது. பாரிசில் ஹெய்ட்டர் நடத்திய ‘அட்டெலியே 17’ என்னும் அச்சுக்கூடத்துக்குள் ரெட்டி நுழைந்தது சிற்பியின் கைகளோடுதான்.

வண்ண அச்சுக்கு அதுவரை இருந்த பொதுவழி, நிறத்துக்கு ஒரு தகடு அல்லது ஒரு கட்டை செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவதே. அதில் வண்ணம் வடிவத்தின்மேல் பின்னர் போர்த்தப்படும் ஆடை போன்றது. ஹெய்ட்டர், கைகோ மோத்தி ஆகியோரோடு சேர்ந்து ரெட்டி கண்ட வழி வேறு. உலோகத் தகட்டைச் செதுக்கியும் சுரண்டியும் அமிலத்தால் அரித்தும் பல ஆழங்கள் உடையதாக ஆக்குவார். பின்பு, ஆளி விதை எண்ணெய் மிகுதியாகச் சேர்ந்த இளக்கமான மையைக் கடின உருளையால் உருட்டுவார். அது மேட்டில் மட்டும் படியும். எண்ணெய் குறைந்த கெட்டி மையை மென்மையான உருளையால் உருட்டினால், அது பள்ளங்களுக்குள் இறங்கும். ஆனால் முன்னரே எண்ணெய் மை படிந்த இடத்தில் ஒட்டாமல் விலகும். வரிசையை மாற்றினாலோ, இரண்டும் கலந்து புதிய நிறம் பிறக்கும். இவ்வாறு எல்லா வண்ணங்களும் ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் தாளில் இறங்குகின்றன.

நாள்காட்டிப் படங்களின் வண்ணத்துக்குப் பழகிப்போன நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு முதலில் புலப்படாது. இங்கே நிறம் என்பது ஆழத்தின் அளவு. எந்த நிறம் எங்கே நிற்கும் என்பதைச் சிற்பியின் உளி பெரும்பகுதி முன்னரே தீர்மானித்துவிடுகிறது. மிகுதியைப் பொருளே சொல்லுகிறது. கலைஞர் அதற்குச் செவிகொடுக்கக் கற்றுக்கொள்ளுகிறார். 1963ஆம் ஆண்டின் ‘நீர்ச்சுழல்’ இந்தக் கல்வியின் முதிர்ந்த கனி. அதிலுள்ள நீலங்கள் நீரின் தோற்றத்தை வரைந்து காட்டுவனவல்ல. சுழலும் விசையையே காட்டுகின்றன.

இயற்கையை நோக்கியிருந்த அவர் கண் மனிதரிடம் திரும்பியது, பாரிஸ் மாணவர் கிளர்ச்சி எழுந்த 1968ஆம் ஆண்டில். ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ என்னும் அச்சில் கரம் உயர்த்தி நிற்கும் உருவங்களைக் காண்கிறோம். நீரிலும் மலரிலும் அவர் கண்ட உள்விசையே இங்கே மக்கள் கூட்டத்தில் எழுந்து நிற்கிறது. முறை இங்கே பார்வைக்குப் பணிந்திருக்கிறது. நம் மதிப்பீட்டில் இதுவே அவருடைய உச்சம்.

1981ஆம் ஆண்டின் ‘பெருங்கோமாளி’யைப் பலர் இதனினும் உயர்வாக வைப்பர். தம் மகளோடு சர்க்கஸ் பார்த்ததன் விளைவு அது. ஒரு தகட்டிலிருந்து எண்ணற்ற வண்ண வேறுபாடுகளை அவர் எடுத்தார். சிலவற்றில் அந்தக் கோமாளியின் தனிமை நம்மை உறுத்துகிறது. வேறு சிலவற்றில், இன்னும் ஒரு நிறச்சேர்க்கை இயலுமா என்னும் ஆவலே மேலோங்கி நிற்கிறது. அங்கே முறை தன்னைத்தான் காட்டிக்கொள்ளுகிறது என்று சொல்லத் துணிகிறோம். ஆயினும், ஒரு தகட்டின் ஒவ்வொரு படியும் ஒன்றுபோலவே இருத்தல் வேண்டும் என்னும் அச்சுலக வழக்கத்தையே அவர் இதனால் கேள்விக்குள்ளாக்கினார் என்பதை மறுப்பதற்கில்லை.

1976இல் நியூயார்க்கில் குடியேறி, ஆசிரியராகவும் பலரை உருவாக்கி, 2018இல் அங்கேயே அவர் மறைந்தார். அவருடைய அச்சுகளைப் புத்தகப் படங்களில் மட்டும் பார்த்தவர்கள் பாதியே பார்த்தவர்கள். தகட்டின் மேடுபள்ளங்கள் தாளிலும் பதிந்துள்ளன. புகைப்படம் அவற்றைத் தட்டையாக்கிவிடுகிறது. மூலப்படியைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால், நேர் எதிரே நிற்பதோடு அமையாது, ஒளி பக்கவாட்டில் விழுமாறு சற்றே விலகி நின்றும் பார்த்தல் நலம்.