செங்கல் மிஞ்சுகிறது: ஆலையை அலுவலகமாக்கும் அழகியல் குறித்து

பழைய ஆலைகளையும் கிட்டங்கிகளையும் நவீன அலுவலகமாக மாற்றுவதற்கு இன்று 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்று பெயர். "இடிச்சுத் தள்ளுறதுக்கு இது மேல் இல்லையா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மேல்தான். ஆனால் எது காக்கப்படுகிறது, எது கழிக்கப்படுகிறது என்ற கேள்வியை இந்தச் சொல்லாடல் சாமர்த்தியமாக மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

ஆலைகளின் ரம்பப்பல் கூரையை எடுத்துக்கொள்வோம். வடக்குப் பார்த்த கண்ணாடி நேர்வெயிலைத் தவிர்த்துச் சீரான வெளிச்சத்தை உள்ளே விடும். அறுந்த இழை தொழிலாளியின் கண்ணில் படவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உழைப்பைக் கறக்கும் எந்திரத்தின் ஒரு பாகம். அலுவலகமான பிறகு அதே வெளிச்சம் 'அழகு' ஆகிறது. நூல் அறாமலிருக்கக் காற்றில் ஏற்றிய ஈரம், நுரையீரலில் இறங்கிய பஞ்சுத் தூசி, ஷிப்டுக்கு அழைத்த சங்கு எல்லாம் அந்தப் பிரதியிலிருந்து அழிக்கப்படுகின்றன. செங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

இது அழகியல் பிரச்சினை மட்டுமல்ல, நிலப் பிரச்சினை. மும்பையில் 1982 வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள், தோற்றார்கள். ஆலை நிலத்தை மாற்றிக் கட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் போகவேண்டும் என்றது 1991 விதி. 2001 திருத்தம், அந்தப் பங்கீடு ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டும்தான் என்று சுருக்கியது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கட்டடம் நின்ற நிலமெல்லாம் கணக்கில் வராமலே போச்சு. கமலா மில்ஸ் அலுவலகமும் உணவகமுமாய் மாறியது. 2017 டிசம்பரில் அங்கே மொட்டைமாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் செத்தார்கள்.

மதுரைக்கு வருவோம். ரயிலடிக்குப் பக்கத்து ஹார்வி மில் 1892-ல் தொடங்கியது. அதன் தொழிலாளர்கள் குடியிருந்த இடத்துக்குப் பெயர் ஹார்விபட்டி. முதலாளி பேரு ஊராச்சு. நூற்றவன் பேரு எங்கே? அதே ஹார்வி நிர்வாகத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-ல் வேலைநிறுத்தம் நடந்ததும், வ.உ.சி. அதன் பக்கம் நின்றதும் எந்தச் செங்கல்லிலும் எழுதியில்லை.

நாளை ஒரு மில்லை அலுவலகமாக்கும் வரைபடத்தை நம் முன்னால் விரிப்பார்கள். சுவர் எத்தனை வருஷத்துப் பழசு என்பதல்ல நாம் கேட்கவேண்டியது. சம்பள பாக்கி தீர்ந்ததா? நிலத்தில் யாருக்குப் பங்கு? இதற்குப் பதில் சொல்லாத பாதுகாப்பு, முதலாளியின் சொத்துக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான்.